கைதி ஆளுநராக நான் நடித்த குளிர்காலம்

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் என்னோடு வளர்ந்த உங்களில் பலருக்கு இப்போது முழங்கால் வலி, சிலருக்குப் பேரப்பிள்ளைகள். போன மாதம் ஒரு கலியாண வீட்டில், எங்கள் மேசையில் இருந்த ஒருத்தி, "நீ ஏதோ வெள்ளைக்காரக் கவர்னரா நடிச்சனியெல்லே, தலையில பஞ்சை ஒட்டிக்கொண்டு" என்று ஞாபகப்படுத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாடகத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அந்த மேசையில் ஒருவருக்கும் தெரியாது. இனிச் சொன்னால் யாருக்கும் தீங்கில்லை.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதின்மூன்று வயது. வரிசை வீடொன்றின் கீழ்த்தளம் எங்களுக்கு. குளிருக்கு மூட்டுகிற பரபின் கீற்றரின் எண்ணெய் மணம் சீருடையில் ஏறிவிடும் என்று அம்மா எனது பள்ளிக்கூட உடுப்பைக் குளியலறைக் கதவில்தான் கொழுவி வைப்பா. ஊரில் தபாற் கந்தோரில் மேசையில் இருந்து வேலை செய்த அப்பாவுக்கு இங்கே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் இயக்கத்துக்காக ஓடித் திரிவார். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பார், மண்டபத்துக்குக் கதிரை தூக்குவார், நோட்டீஸ் கொடுப்பார்.

ஊரில் அப்போது அரசாங்கத்தோடு சண்டை பிடித்த இயக்கங்கள் பல. அப்பா ஒன்றை நம்பினார். என்னைவிட ஒன்பது வயது மூத்த அண்ணா, நாங்கள் லண்டனுக்கு வந்தபிறகும் ஊரிலேயே நின்று, படிப்பை விட்டுவிட்டு வேறொன்றில் போய்ச் சேர்ந்தார். பிறகு அப்பாவின் இயக்கம் அண்ணாவின் இயக்கத்தை அடித்துக் கலைத்தது. அண்ணா எங்கெங்கோ ஒளிந்திருந்து, அந்த இலையுதிர் காலத்தில் ஹீத்ரோவில் வந்து இறங்கினார். கூட்டிவர அப்பா போகவில்லை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, அவரைப் பக்கத்திலேயே ஹவுன்ஸ்லோவில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அப்பா அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவன் துரோகி. இந்த வாசலுக்கு வரக்கூடாது. நீரும் அங்க போகக்கூடாது."

 அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து அம்மா, மாமா வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பா. குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ" என்று இரண்டு மூன்று தரம் கேட்பா. காத்திருந்தால் அப்பாவின் கோபம் ஆறிவிடும் என்று அவ நம்பினா. அப்பாவின் மனம் கரைவதற்குப் பதிலாக இறுகிக்கொண்டு போனது அவவுக்கு விளங்கவில்லை.

அந்தப் பள்ளித் தவணையில்தான் எங்களுக்கு வரலாற்றில் அமெரிக்கப் புரட்சிப் பாடம். வரலாற்று வாத்தியார் உயர்ந்த மனிதர், காற்சட்டை முழங்காலில் எப்போதும் சோக்குத் தூள். எங்களை ஒருநாள் சாரிங் குறொஸ் ஸ்ரேசனுக்குப் பக்கத்துத் தெருவொன்றுக்குக் கூட்டிப்போனார். பாழடைந்த ஒரு செங்கல் வீடு. சன்னல்களில் பலகை அடித்திருந்தது. பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த விஞ்ஞானி, பின்னாளில் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்த தலைவர்களில் ஒருவர், அந்த வீட்டில் பல வருடம் இருந்தாராம். கூட அவருடைய மகனும் இருந்தான். இங்கேதான் மகன் சட்டம் படித்தான். பிறகு அரசர் அவனை அமெரிக்கக் குடியேற்றம் ஒன்றுக்கு ஆளுநர் ஆக்கினார். சண்டை வந்தபோது தகப்பன் புரட்சியோடு நின்றார். மகன் அரசரோடு நின்றான். புரட்சிக்காரர்கள் மகனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் சிப்ஸ் தின்றுகொண்டு நின்றார்கள். நான் அந்தப் பலகை அடித்த சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தகப்பன் பிறகு மன்னிச்சவரோ?" என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

"உண்மையில் இல்லை" என்றார். சண்டை முடிந்தபிறகு ஒரு துறைமுகத்தில் ஒரே ஒருமுறை சந்தித்தார்களாம். காணி கைமாற்றுகிற கதைதான் கதைத்தார்களாம். மகன் மிச்சக் காலத்தை லண்டனில் அகதியாகக் கழித்து இங்கேயே செத்தான்.

அன்று பின்னேரம் அப்பாவிடம் அமெரிக்காவைப் பற்றிப் படிக்கிறோம் என்று சொன்னேன். அவருக்கு நல்ல சந்தோசம். புரட்சிப் படையின் தளபதியை அவருக்கு மிகவும் பிடிக்கும்.

"உலகத்தில பெரிய சாம்ராச்சியத்தோட மோதினவங்கள், பிள்ளை. ஒழுங்கான சப்பாத்தில்லாமல் பனிக்குள்ள நடந்தவங்கள். வெண்ட உடன அந்தத் தளபதி என்ன செய்தவர் தெரியுமோ? பதவியைத் திருப்பிக் குடுத்திட்டுத் தன்ர தோட்டத்துக்குப் போனவர். பேந்துதான் சனம் கூப்பிட்டு முதல் ஜனாதிபதி ஆக்கினது."

"அரசரோட நிண்ட ஆக்களும் இருந்தவை அப்பா. ஒரு தலைவரின்ர சொந்த மகனே..."

"எந்தச் சண்டையிலயும் துரோகி இருப்பான்" என்றார். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

தவணை முடிவில் பெற்றோருக்கு ஒரு மாலை நிகழ்ச்சி. எங்கள் வகுப்பு ஒரு நாடகம் போடவேண்டும். வாத்தியார் தெரிந்தெடுத்தது சிறையில் இருந்த ஆளுநரின் கதை. ஆளுநரின் மனைவி நியூயோர்க்கில் சாகக் கிடக்கிறாள். ஒரு தரம் போய்ப் பார்த்துவர விடுங்கள் என்று அவர் தளபதியிடம் கேட்கிறார். தளபதிக்கு இரக்கம். ஆனால் தானாக முடிவெடுக்காமல் காங்கிரசுக்கு, அதாவது புரட்சிக்காரரின் சபைக்கு, விடயத்தை அனுப்புகிறார். சபை என்ன சொல்லவேண்டும்? பார்க்க வந்தவர்களே கை உயர்த்தி முடிவு சொல்லலாம் என்பது வாத்தியாரின் யோசனை.

ஆளுநர் வேடத்தை அவர் எனக்குத் தந்தார். நான் வாய் திறக்காத பிள்ளை, ஆளுநருக்கு வசனம் குறைவு. நல்லது செய்கிறதாகத்தான் அந்த மனிதர் நினைத்திருப்பார். எங்கள் வீட்டில் என்ன நடக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்பா பெற்றோல் நிலையத்துச் சீருடையோடு நேரே வந்தார். அம்மா நல்ல சேலை கட்டி, மேலே பச்சைக் கோட்டுப் போட்டிருந்தா. இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய மண்ணிறக் கோட்டும், பஞ்சு ஒட்டிய தொப்பியும், கையில் கயிறுமாக நான் மேடையில் நின்றேன். கயிற்றைக் காவலாளாக நடித்த பையன் இழுத்துக் கட்டிவிட்டான். கை நொந்தது.

"என் மனைவி இறந்துகொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்கிறேன்." ஆங்கிலத்தில் நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். சொல்லும்போது அப்பாவைப் பார்க்கக்கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்துவிட்டேன்.

வாத்தியார் எழுந்து, "மறுக்கவேண்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள்" என்றார். சில கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. அப்பாவின் கை மட்டும் நேராக எழுந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அப்பாவின் பக்கம் குனிந்து, "என்னத்துக்குக் கை தூக்கிறியள்?" என்று கேட்டா. மண்டபம் அமைதியாக இருந்தபடியால் மேடைக்கே கேட்டது. வாத்தியார் தொடக்கத்தில் சொல்லியிருந்த உண்மைக் கதையை அப்பா மெல்லிய குரலில் சொன்னார். நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம். அப்பா முடித்ததும் அம்மா கேட்டா:

"அந்தப் பொம்பிளைக்கு என்ன நடந்தது?"

"செத்துப்போனா."

"அவரைக் காணாமலோ?"

"ஓம்."

"விடலாம் என்பவர்கள்?" என்று வாத்தியார் கேட்டார். முக்கால்வாசி மண்டபம் கை தூக்கியது. அம்மா அவர் சொன்னது விளங்காமல் சுற்றிப் பார்த்தா. பிறகு விளங்கியது. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே தன் கையை உயர்த்தினா. பச்சைக் கோட்டின் கை வழுகி, கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை இறங்கின. எல்லோரும் கையை இறக்கின பிறகும் அம்மா இறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அப்பா சொன்னார்: "அந்தக் காலத்துச் சபை மறுத்தது சரி. ஒருத்தனை விட்டால் எல்லாரும் கேப்பினம்."

அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தா.

அடுத்தநாள் காலமை நான் எழும்பும்போது அம்மா கோட்டுப் போட்டு, பையோடு நின்றா. "பிள்ளை, அப்பாவுக்குக் கறி வைச்சிருக்கிறன். நான் ஹவுன்ஸ்லோவுக்குப் போறன்." அப்பா ஷிப்ட் முடித்து அப்போதுதான் உள்ளே வந்தார். வாசலில் இருவரும் நேருக்கு நேர்.

"எங்க?"

"என்ர பிள்ளையிட்ட."

"போனால் போனதுதான்."

"உங்கட மனம் மாறுமெண்டுதான் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தனான். நேற்று உங்கட கையைப் பார்த்தன்" என்றா அம்மா. அவரை விலக்கிக்கொண்டு நடந்து போனா.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் அப்பாவும். நான் சோறு அவிய விட்டால் குழையும், அப்பா குறை சொல்லாமல் சாப்பிடுவார். சனிக்கிழமைகளில் நான் அம்மாவைப் பார்க்கப் போவேன். அப்பா போ என்றும் சொல்லமாட்டார், போகாதே என்றும் சொல்லமாட்டார். ஹவுன்ஸ்லோவில் அண்ணா மேலறையில் இருப்பார். விமானம் வீட்டுக்கு மேலால் தாழப் போகும்போதெல்லாம் தலையைக் குனிவார். பிறகு என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரிப்பார். "லண்டனில குண்டு போடமாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும். தலைக்குத்தான் தெரியேல்லை" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேரை எனக்குத் தெரியும், கூட்டங்களில் அப்பாவோடு கதிரை அடுக்குகிறவர்கள். மூன்றாமவர் புதிது. நீல அனோரக் மழைக்கோட்டு, ஒட்டிய கன்னம். இருக்கச் சொல்லியும் கதவடியில்தான் நின்றார். நான் தேத்தண்ணி போட்டேன்.

"அக்கா இல்லையோ அண்ணை?" என்றார் ஒருவர்.

"தம்பியார் வீட்ட போயிட்டா."

"ஹவுன்ஸ்லோவிலதானே? எந்தப் பக்கம்?"

"றோட்டுப் பேர் எனக்குத் தெரியாது."

"உங்கட மகனும் அங்கதான் நிக்கிறாராம்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு மகன் இல்லையெண்டு கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால சொன்னனான்."

"சொன்னனீங்கள். நாங்கள் அதை மதிக்கிறம். இருந்தாலும் ஆளோட கொஞ்சம் கதைக்க வேணும்."

"என்ன கதை?"

"ஊர்க் கதைதான் அண்ணை."

 கீற்றருக்குள் எண்ணெய் குமிழிவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் அந்த மூன்றாமவர் முதல்தரம் வாய் திறந்தார். என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்:

"தங்கச்சிக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியும். முதல்நாள்தான் போய்வந்திருந்தேன். வீட்டு இலக்கம், கேற்றின் நிறம், எந்தச் சன்னல் அண்ணாவின் அறை என்று எல்லாம் தெரியும். தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

"அவளுக்குத் தெரியாது" என்றார் அப்பா. "தாய் அவளுக்கு ஒண்டும் சொல்லுறேல்லை."

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

மூன்றாமவர் மேசையில் கிடந்த எனது வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தார். குதிரையில் இருந்த தளபதியின் படத்தைக் காட்டி, "ஆர் இது?" என்றார்.

"அமெரிக்காவின்ர முதல் ஜனாதிபதி."

"சண்டையில வெண்டவரோ?"

"ஓம்."

"அப்ப மற்றப் பக்கம் நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது?"

"கனபேர் கப்பலேறிப் போயிட்டினம். லண்டனுக்கும் கனடாவுக்கும்."

"போகாத ஆக்கள்?"

புத்தகத்தில் அது இல்லை.  அவர் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

அவர்கள் போய் தெருமுனையில் திரும்புமட்டும் அப்பா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு, "பிள்ளை, சப்பாத்தைப் போடு" என்றார்.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரெயினில் ஏறினோம். ஒவ்வொரு ஸ்ரேசனிலும் ஏறுகிறவர்களை அப்பா ஏறிட்டுப் பார்த்தார். ரெயின் மாறுகிற இடத்தில், வந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற்றினார். ஹவுன்ஸ்லோவில் நான் வழி காட்ட வந்தவர், மாமாவின் தெரு முனையிலேயே நின்றுவிட்டார்.

"நீ போ. அண்ணாவை உடன வேற எங்கயும் அனுப்பச் சொல்லி மாமாட்டச் சொல்லு. இந்த நாட்டிலயே வைச்சிருக்க வேண்டாமெண்டு சொல்லு."

"நீங்களும் வாங்கோ அப்பா."

"சொன்னதைச் செய்."

நான் உள்ளே போய்ச் சொன்னேன். மாமா உடனே ரெலிபோனை எடுத்தார். அம்மா செருப்போடு தெருவுக்கு ஓடினா. நான் பின்னால் போனேன்.

"உள்ளுக்கு வாங்கோ. அவன் மேலதான் நிக்கிறான்."

"நான் வரேல்லை. அவனைக் கெதியா அனுப்புங்கோ."

"அவனைக் கண்டிட்டாவது போங்கோ."

அப்பா தலையை உயர்த்தி வீட்டைப் பார்த்தார். மேல் சன்னலில் அண்ணா நின்றார். அந்த நேரம் ஒரு விமானம் கூரைக்கு மேலால் வந்தது. அண்ணா குனிந்துவிட்டார். அவர் நிமிர்ந்தபோது அப்பா திரும்பி ஸ்ரேசனை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். அந்தக் குனிதலை அப்பா என்னவென்று எடுத்தாரோ. தன்னைக் கண்டு ஒளிகிறான் என்று நினைத்திருப்பார் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது.

அந்தக் கிழமைக்குள் அண்ணா கனடாவுக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் போன ஏதோ ஒரு வழியால் மாமா அனுப்பிவைத்தார். அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தா. பையை வைத்துவிட்டு, நேரே குசினிக்குள் போய் எனது குழைந்த சோற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாக உலை வைத்தா. 

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு காலைநேரம் வாசல் மணி அடித்தது. நான் கதவைத் திறந்தேன். நீல அனோரக். இந்தமுறை தனியாக நின்றார்.

நான் கதவைச் சாத்தப் பார்த்தேன். "தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. அப்பாவைக் கூப்பிடுங்கோ" என்றார்.

அப்பா வந்தார். அம்மாவும் பின்னால் வந்து நின்றா. அந்த மனிதர் வாசற்படியில் நின்றபடியே சொன்னார்:

"அண்ணை, நான் அண்டைக்கு அவையோட வந்தது உங்கட மகனைக் காணுறதுக்கு எனக்கு வேற வழி தெரியாமல். அவைக்கு முன்னால சொல்ல ஏலாது. என்ர தம்பியும் உங்கட மகன் இருந்த இயக்கத்திலதான் இருந்தவன். ஒரே காம்ப். கலைச்சு அடிச்ச அண்டையில இருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா ஊரில இன்னும் அவனுக்குச் சோறு போட்டு வைக்கிறா. உங்கட மகனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை கேட்டுத் தாங்கோ."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் யாருக்குப் பயந்து அண்ணாவை அனுப்பினோமோ அவர் இவர். வந்த மற்ற இருவருக்கும் என்ன நோக்கம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த மனிதர் வந்தது தன் தம்பியைத் தேடி.

"உள்ளுக்கு வாரும்" என்றார் அப்பா.

அண்ணாவின் கனடா நம்பர் அம்மாவுக்கு மனப்பாடம். அம்மா சொல்லச் சொல்ல அப்பா டயல் பண்ணினார். அங்கே விடிந்திருக்காது. மணி அடிக்கிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. யாரோ எடுத்தார்கள்.

"நான் அப்பா."

அந்தப் பக்கத்தில் அண்ணா என்ன சொன்னாரோ தெரியாது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இங்க ஒருத்தர் நிக்கிறார். தன்ர தம்பியைப் பற்றிக் கேக்க வந்தவர். உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. ஒண்டையும் மறைக்காதை."

ரிசீவரை அந்த மனிதரிடம் கொடுத்தார்.

அவர் தம்பியின் பெயரைச் சொன்னார். பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு கட்டத்தில் ரெலிபோனடியில் இருந்த மாடிப்படியில் குந்திவிட்டார். இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தண்ணி குடுத்தனீங்களோ?" பதிலைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணா சொன்னதை அவர் பிறகு அம்மாவிடம் சொன்னார். தம்பிக்காரனுக்கு வயிற்றில் துப்பாக்கி வெடி. அண்ணா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாராம். விடியுமுன் வழியிலேயே செத்துப்போனான். ஒரு கோயிற் கிணற்றடிக்குப் பின்னால், கையாலும் தகரத்தாலும் தோண்டி அண்ணாதான் புதைத்தார். எந்தக் கோயில், எந்தப் பக்கம் என்று எல்லாம் சொன்னாராம். இதையெல்லாம் அண்ணா எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. துரோகி என்ற சொல்லோடு நின்றுவிட்ட நாங்கள் ஒருவரும் கேட்டதுமில்லை.

அந்த மனிதர் ரிசீவரை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கிக் காதில் வைத்தார்.  அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அங்க குளிரோ?" என்றார் அப்பா.

பதிலைக் கேட்டார். "கோட்டுக் கிடக்கோ?" என்றார். அதற்கும் பதில் வந்தது. 

"அப்ப வைக்கட்டோ?"

அண்ணா வைக்கச் சொல்லவில்லைப் போல. அப்பா மறுகாதுக்கு ரிசீவரை மாற்றிக்கொண்டார். மாடிப்படியில் அந்த மனிதர் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். அப்பா அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.